கெட்டில் மூடிக் கதையை இனி சொல்லாதீர்கள்



போன வாரம் நான் போட்ட சின்ன வீடியோவை நிறையப் பேர் பார்த்துவிட்டீர்கள். பித்தளை உருளை ஒன்று தொட்டில் மாதிரி ஆடுகிறது, சக்கரம் சுற்றுகிறது, பக்கத்தில் ஆவி சீறுகிறது. அவ்வளவுதான் வீடியோ. "சார், எந்த ஆன்லைன்ல வாங்கினீங்க?" என்று பாதிப் பேர் கேட்டிருக்கிறீர்கள். மதுரையிலிருந்து என் தங்கச்சி போன் போட்டு, "அண்ணே, பென்சன் காச இதுலயா கொண்டு போய்ப் போடுறீக? வெடிச்சுகிடிச்சுத் தொலைச்சா என்ன பண்றது?" என்றாள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். வகுப்பில் என் பாடம் மணி அடித்த பிறகும் நீளும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

முதல் பதில்: அது வாங்கியது இல்லை. என் வீட்டுக் கொல்லைப்புறத்துச் சாய்ப்பில் எட்டு மாதமாக உட்கார்ந்து செய்தது. தனியாகச் செய்யவில்லை. யார் கை எல்லாம் அதில் இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, நான் உங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒரு திருத்தம். முப்பது வருசத்துக்கு மேல் வகுப்பில் ஒரு கதை சொல்லியிருக்கிறேன். சிறுவன் ஜேம்ஸ் வாட் அடுப்படியில் உட்கார்ந்திருந்தானாம். கெட்டிலில் தண்ணீர் கொதித்ததாம். மூடி ஆடியதாம். அதைப் பார்த்து நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தானாம். நீங்களும் கை தட்டினீர்கள். பரீட்சையில் எழுதினீர்கள். நானும் மார்க் போட்டேன்.

அது தவறு. நீராவி இயந்திரத்தை முதலில் செய்தவர் வாட் இல்லை. இங்கிலாந்தில் சுரங்கத்துத் தண்ணீரை இறைப்பதற்குத் தாமஸ் நியூகோமன் என்பவர் 1712-லேயே பெரிய இயந்திரம் ஒன்றை ஓட்டிவிட்டார். வாட் பிறந்தது 1736-ல். அதற்கும் முன்னால் 1679-ல் டெனி பாப்பின் என்பவர் மூடி இறுகிய சமையல் பாத்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். ஆவி மிஞ்சினால் வெளியேற வால்வும் அதற்கு வைத்தார். 1690-ல் உருளைக்குள் பிஸ்டன் வைத்து, ஆவியால் அதை நகர்த்தியும் பார்த்தார். அப்படிப் பார்த்தால் நம் வீட்டு குக்கர்தான் இந்த வம்சத்தின் பாட்டி. கெட்டிலுக்கு அந்த உரிமை கிடையாது.

அப்படியானால் வாட் செய்தது என்ன? இதுதான் எனக்கே அறுபது வயதுக்கு மேல் உறைத்த விஷயம். வாட் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவர். பேராசிரியர் இல்லை, மெக்கானிக். 1763–64 குளிர்காலத்தில் அவரிடம் பழுது பார்க்க வந்தது ஒரு மாடல். வகுப்பில் காட்டுவதற்காக வைத்திருந்த நியூகோமன் இயந்திரத்தின் சின்ன மாதிரி. நம் பள்ளி அறிவியல் அலமாரியில் தூசி படிந்து கிடக்குமே, அது மாதிரி. அவர் சரி செய்து ஓட்டினார். நாலைந்து தடவை மேலும் கீழும் போய்விட்டு நின்றுவிட்டது. கொதிகலனில் ஆவி தீர்ந்துபோனது. ஏன் என்று தேடினார். ஒவ்வொரு சுற்றிலும் உருளையைக் குளிர வைப்பதும் மறுபடி சூடாக்குவதுமாக ஆவியில் பெரும்பகுதி வீணாகிறது என்று கண்டுபிடித்தார். ஆவியைக் குளிர வைப்பதற்குத் தனிப் பாத்திரம் ஒன்று வேண்டும் என்பது 1765-ல் தோன்றியது. 1769-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

ஆக, அந்த மாற்றம் பிறந்தது கொதிக்கிற கெட்டிலில் இல்லை. ஓடாமல் நின்ற ஒரு மாடலில்.

இந்த வித்தியாசம் சின்னது இல்லை. கெட்டில் கதை பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறது? மேதை என்று ஒருத்தன் இருப்பான், அவன் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிடும், உனக்கு விளங்கவில்லை என்றால் நீ மேதை இல்லை என்று. மாடல் கதை வேறு சொல்கிறது. கையில் ஒன்றை எடு, ஓட்டிப் பார், நின்றால் ஏன் நின்றது என்று கேள். இதை எந்தப் பிள்ளையும் செய்யலாம். நான் முப்பது வருசமாகத் தப்பான கதையைச் சொல்லியிருக்கிறேன்.

இனி என் இன்ஜினுக்கு வருகிறேன்.

எனக்கு இந்த ஆசை இன்று நேற்று வந்தது இல்லை. சின்ன வயதில் அப்பாவோடு ராமநாதபுரம் ஸ்டேஷனில் நின்று மீட்டர் கேஜ் கரி இன்ஜினைப் பார்த்தவன் நான். பாம்பன் பாலம் 1914-ல் திறந்ததிலிருந்து ராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் ஆட்களைச் சுமந்தது நீராவிதான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போன கப்பலும் நீராவிக் கப்பல்தான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனதோடு அந்தப் பாதையும் போனது. வண்டி கிளம்பும்போது இன்ஜினின் அடியிலிருந்து இரண்டு பக்கமும் 'புஸ்ஸ்' என்று வெள்ளையாக ஆவி அடிக்கும். நாங்கள் அலறிக்கொண்டு ஓடுவோம். அது எதற்கு என்று அப்பாவிடம் கேட்டேன். "எல்லாரும் தள்ளி நில்லுங்கன்னு சொல்லுதுடா" என்றார். அதையே ஐம்பது வருசம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இரண்டு வருசமும் எங்களுக்குக் கற்பித்தல் துணைக்கருவி என்றால் சார்ட், அட்டை, தெர்மோகோல். நீராவி இன்ஜினின் குறுக்குவெட்டுப் படத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். அம்புக்குறி போட்டுப் பாகம் குறிப்பேன். ஆனால் ஒரு வால்வு எந்த நேரத்தில் திறக்க வேண்டும், எந்த நேரத்தில் மூட வேண்டும் என்று யாராவது மறித்துக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை. கேட்காத மாதிரிதான் நானும் பாடம் நடத்தினேன்.

நான் செய்தது இருப்பதிலேயே எளிய வகை, ஆடும் உருளை இன்ஜின். இதில் தனி வால்வு கிடையாது. உருளையே ஒரு ஆணியைச் சுற்றி இப்படியும் அப்படியும் ஆடும். உருளையின் பக்கவாட்டில் ஒரு துளை. அது உரசி நிற்கும் தகட்டில் இரண்டு துளை: ஒன்று கொதிகலனிலிருந்து ஆவி வரும் வழி, இன்னொன்று வெளியே போகும் வழி. ஒரு பக்கம் சாய்ந்தால் ஆவி உள்ளே வந்து பிஸ்டனைத் தள்ளும். மறுபக்கம் சாய்ந்தால் வேலை முடிந்த ஆவி வெளியேறும். நடுவில் இரண்டும் அடைபட்டிருக்கும் நேரத்தில் சக்கரத்தின் பாரம் அதைச் சுழற்றிக் கடத்திவிடும். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

உருளையின் உள்வாய் 12 மில்லிமீட்டர், பிஸ்டன் போய்வரும் தூரம் 20 மில்லிமீட்டர். பித்தளை பழைய இரும்புக்கடையில் கிடைத்தது. அதைக் கடைந்து துளை போட்டுத் தந்தது ஈ.சி.ஆர். ஓரத்தில் வள்ளத்து இன்ஜின் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன். இரண்டு அங்குலச் செப்புக் குழாயில் கொதிகலன். அதன் இரண்டு முனைகளையும் அடைத்து வெள்ளிப் பற்று வைத்தது ஃபிரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் பார்க்கும் தம்பி ஒருவன், அவனும் என் வகுப்பில் படித்தவன்தான். ஆசாரிமார் நகைக்குப் பொடி வைத்து ஊதுவார்களே, அதே வித்தைதான். ஈயப் பற்று கொதிகலனுக்கு ஆகாது. தண்ணீர் வற்றிவிட்டால் சூட்டில் ஈயம் உருகிவிடும்.

உருளைக்குள் பிஸ்டன் இறுகவும் கூடாது, ஆவி கசியவும் கூடாது. அந்தப் பதம் வருவதற்கு எனக்கு மூன்று பிஸ்டன் போனது. வாட்டுக்கும் இதே தலைவலி இருந்திருக்கிறது. யோசனை தோன்றி வருசக்கணக்காகியும் சரியாகத் துளை போட்ட பெரிய உருளை அவருக்குக் கிடைக்கவில்லை. பீரங்கிக் குழாயைத் துல்லியமாகக் கடைய 1774-ல் வழி கண்ட ஜான் வில்கின்சன்தான் பிறகு அவருக்கு உருளை கடைந்து கொடுத்தார். வாட் பெயர் எல்லாருக்கும் தெரியும். கடைந்து கொடுத்தவரை நம் பாடத்தில் யார் சொன்னோம்?

முதலில் பஞ்சர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் காற்றில் ஓட்டிப் பார்த்தோம். சுற்றவே இல்லை. தகட்டுத் துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தது. கரும்பலகையில் நான் அலட்சியமாக வரைந்த அந்தத் துளைதான். திரும்பப் புதுத் தகடு. காற்றில் அருமையாக ஓடியது. பஞ்சர் கடையில் நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து கொதிகலனை மாட்டி ஆவியில் ஓட்டினேன். இரண்டு சுற்று சுற்றியது. நின்றது. உருளைக்குள் 'களக் களக்' என்று சத்தம். வெளித் துளையிலிருந்து ஆவி வரவில்லை, வெந்நீர் சொட்டியது. நான்கு நாள் மண்டையைக் குடைந்தேன். பிறகு விளங்கியது. உருளை குளிர்ந்து கிடக்கிறது. உள்ளே போகிற ஆவி அதன் சுவரில் பட்டுத் தண்ணீராகிவிடுகிறது. தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, நின்றுவிடுகிறது. சக்கரத்தைக் கையால் இருபது தடவை சுற்றி, உருளை நன்றாகச் சூடாகும் வரை தண்ணீரை வெளியே தள்ளிவிட்டால், அதன்பின் தானே பிடித்துக்கொண்டு ஓடுகிறது.

அந்த நிமிடம் இரண்டு விஷயம் சேர்ந்து விளங்கியது. கிளாஸ்கோவில் வாட் கண்ட நஷ்டம் இதுதான். ராமநாதபுரம் ஸ்டேஷனில் நாங்கள் பார்த்துப் பயந்த 'புஸ்ஸ்' சத்தமும் இதுதான். நின்று குளிர்ந்த உருளையில் சேர்ந்த தண்ணீரை டிரைவர் திறந்துவிடுகிறார். எங்களை விரட்டுவதற்கு இல்லை. இதைச் சொல்ல அப்பா இல்லை. சாய்ப்பில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வீட்டம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

இனி சொல்லப்போவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம்.

உருளை கடைந்து தந்தான் என்றேனே, அந்த மாணவன். பெயர் போட வேண்டாம் என்றான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவன் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு நாள் மதியம் பள்ளிக்குப் பின்னால் மூன்று செங்கல் வைத்து, தேங்காய் மட்டையில் தீ மூட்டி, பால்பவுடர் டப்பா ஒன்றில் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான். டப்பாவில் ஒரு பேனா ரீபில் குழாய். அதன் முன்னால் தகரத்தில் வெட்டிய சின்னக் காற்றாடி. நான் போனேன். காலால் எட்டித் தள்ளினேன். பிரம்பால் நாலு அடி. "வெடிச்சிருந்தா உங்கப்பனுக்கு யார்டா பதில் சொல்றது?" என்றேன். அதே வாரம் அதே வகுப்பில் நீராவியின் ஆற்றல் பற்றிப் பாடம் நடத்தினேன், கெட்டில் கதையோடு.

அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கு எதையும் செய்து கொண்டுவரவில்லை. பத்தாவதோடு நின்று பட்டறைக்குப் போய்விட்டான்.

இந்த வருசம் அவன் பட்டறையில் உட்கார்ந்திருக்கும்போது நானே அந்தப் பேச்சை எடுத்தேன். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னான்: "சார், அன்னைக்கு மூடிய நான் இறுக்கி அமுக்கவே இல்ல. சும்மாதான் வச்சிருந்தேன். குழாய் அடைச்சுக்கிட்டா மூடி தூக்கிக்கும்ல, டப்பா வெடிக்காதுன்னு நெனச்சேன்."

குக்கரில் இருக்கும் பாதுகாப்பு வால்வை அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தானாக யோசித்து வைத்திருக்கிறான். அது போதுமான பாதுகாப்பு இல்லைதான். மூடி பறந்தால் வெந்நீர் முகத்தில் அடித்திருக்கும். தீயை அணைத்தது சரி, அடித்தது தவறு. அதைவிடப் பெரிய தவறு, "இதை ஏன்டா இப்படி வச்சிருக்க?" என்று ஒரு வார்த்தை கேட்காதது. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். எனக்கும் முப்பது வருசத்துக்கு முன்னாலேயே ஒரு பாடம் கிடைத்திருக்கும். அவனிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "அட விடுங்க சார்" என்று டீ சொல்லிவிட்டான். நீங்கள் எல்லோரும் அறிய இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன்.

அறிவியல் கண்காட்சிகளில் நடுவராக எத்தனையோ வருசம் உட்கார்ந்திருக்கிறேன். தெர்மோகோல் எரிமலை, எல்.இ.டி. விளக்கு எரியும் அணை, கடையில் ரெடிமேடாக வாங்கிய காற்றாலை. பிள்ளை நாலு வரியை ஒப்பிக்கும். எது நிற்காமல் ஓடியதோ, பார்க்க அழகாக இருந்ததோ, அதற்குத்தான் பரிசு கொடுத்தேன். ஓடாமல் நின்றதைக் கொண்டுவந்து ஏன் நின்றது என்று சொன்ன ஒரு பிள்ளைக்காவது பரிசு கொடுத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

இப்போது நிலைமை மோசம் என்று புலம்ப வரவில்லை. 2022-ல் நம் அரசு தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வகுப்பு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் சோதனைகளைக் கொண்டுபோகிறது. நல்ல காரியம். குப்பையில் கிடப்பதை வைத்து அறிவியல் பொம்மை செய்யக் காட்டிய அரவிந்த் குப்தா போன்றவர்களின் வழி அது. நான் கேட்பது இன்னும் ஒரு படி. பிள்ளை தானே செய்து, அது ஓடாமல் போய், அதைப் பிரித்துப் பார்க்க நேரம் வேண்டும். நாற்பது நிமிட வகுப்பில் அது நடக்காது. மாதத்தில் ஒரு மதியம் ஒதுக்கினால் நடக்கும்.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "சார், பாடம் முடிக்கவே நேரம் இல்ல." உண்மைதான். ஆனால் நான் பாடத்தை முடித்தேன், அதில் பிழையும் இருந்தது. அதற்கு என்ன சொல்வது?

"நீராவி எல்லாம் அந்தக் காலம்" என்கிறான் என் அண்ணன் மகன். தம்பி, தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் கரி, கூடங்குளத்தில் அணு. இரண்டு இடத்திலும் கடைசியில் நடப்பது தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியால் டர்பைனைச் சுற்றுவதுதான். ஊட்டி மலை ரயிலுக்கு 2021-லும் நிலக்கரியில் ஓடும் புது நீராவி இன்ஜினை நம் திருச்சி பொன்மலைப் பணிமனை செய்து கொடுத்திருக்கிறது. நாக்பூரில் இக்பால் அகமது என்பவர் 2 கிராம்கூட எடை இல்லாத நீராவி இன்ஜினைச் செய்து ஓட்டியிருக்கிறார். அந்தக் காலமாம்!

தங்கச்சி கேட்டது மட்டும் சரியான கேள்வி. வெடிக்காதா? வெடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடம் கொடுக்காமல் அடைத்தால் பாத்திரம் கிழியும். அதனால் இதைப் படிக்கும் யாரும் டப்பா, பாட்டில், பழைய கேஸ் சிலிண்டர் எதையும் மூடி அடுப்பில் வைக்கவே கூடாது. என் கொதிகலனில் வேலை அழுத்தம் ஒன்றரை கிலோ. முதலில் அதில் பச்சைத் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, பிளம்பர்கள் பைப் சோதிக்கும் கைப் பம்பால் நாலு கிலோ வரை ஏற்றி அரை மணி நேரம் வைத்தோம். தண்ணீர் சுருங்காது. அதனால் பற்று விட்டாலும் கசியுமே தவிர வெடித்துப் பறக்காது. காற்றை நிரப்பிச் சோதித்தால் அது வெடிகுண்டு. பாதுகாப்பு வால்வு எத்தனை கிலோவில் திறக்கிறது என்று தனியாகப் பார்த்தோம். இவ்வளவுக்கும் பிறகும் பேத்தியைப் பத்தடி தள்ளித்தான் நிறுத்துகிறேன்.

பிள்ளைகளுக்கு ஆரம்பிக்க இதைவிட நல்லது இருக்கிறது. மாதா கோயில் திருவிழாவில் வாங்குவோமே, உள்ளே திரி ஏற்றினால் 'டுப் டுப்' என்று தண்ணீரில் ஓடும் தகரப் படகு. அதுவும் ஒரு நீராவி இன்ஜின்தான். பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. பின்பக்கக் குழாய்கள் தண்ணீருக்குள் திறந்தே இருப்பதால் ஆவிக்கு எப்போதும் வழி இருக்கிறது. உள்ளே தண்ணீர் ஆவியாகிக் குழாயிலிருக்கும் நீரைப் பின்னால் உந்துகிறது, படகு முன்னால் போகிறது. ஆவி குளிர்ந்ததும் தண்ணீர் திரும்ப உள்ளே ஏறுகிறது. அப்படியானால் படகு ஏன் பின்னால் வருவதில்லை? இதற்கு இங்கே பதில் எழுத மாட்டேன். உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள்.

வரும் சனிக்கிழமையிலிருந்து மாலை நாலு மணிக்கு என் வீட்டுச் சாய்ப்பில் அந்தப் படகு செய்யப் போகிறோம். ஆறாம் வகுப்புக்கு மேல் யாரும் வரலாம். கூட வீட்டுப் பெரியவர் ஒருவர் வர வேண்டும். தகரமும் திரியும் நான் தருகிறேன். பட்டறைக்காரத் தம்பி மாதம் ஒரு தடவை வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனைப் பிள்ளைகள் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு அதில் ஒரே கூச்சம்.

வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் உங்கள் பிள்ளை எதையாவது செய்து, அது ஓடாமல் நின்றால், திட்டுவதற்கு முன்னால் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஓடியதை அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய சார்
காரங்காடு